மஞ்சள் காமாலை என்று எழுதி வாங்கிய சான்றிதழ்

கார்த்தி,

போன ஞாயிற்றுக்கிழமை, சந்தியா வருவதற்குச் சற்று முன்னால், நீ உன் அறையில் உட்கார்ந்து மாத்திரை அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிரித்து ஒரு வைட்டமின் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாய். கதவு பாதி திறந்திருந்தது. துண்டு எடுக்க வந்த நான் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டேன். காலி அட்டையை மடித்து நீ சட்டைப் பையில் வைத்துக்கொண்டதையும் பார்த்தேன். குப்பைக்கூடையில் போட்டால் அவள் கண்ணில் பட்டுவிடும் என்று நினைத்திருப்பாய். அது என்ன மாத்திரை, எதற்காக என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். சந்தியாவுக்குத்தான் தெரியாது. உங்கள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

இதை நேரில் பேசியிருக்கலாம். பேசினால் நீ "அச்சா அப்பா, அச்சா" என்று சொல்லிக்கொண்டே போனைப் பார்ப்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் அலுவலகக் கடிதம் மாதிரி மேலோட்டமாக ஓட்டிவிட்டு மூடிவிடுவாய். டெல்லியிலேயே வளர்ந்த நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அதனால் தமிழில் எழுதுகிறேன். மெதுவாகப் படி. அவசரம் ஒன்றுமில்லை, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் படித்து முடித்துவிடு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உன் விஷயம். முதல் தடவை உனக்கு வந்தது மெட்ரோவில், ராஜீவ் சௌக்கில் வண்டி நின்றிருந்தபோது. நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்துப்போனது, மூச்சு உள்ளே போகவில்லை, இதோ செத்துவிடப் போகிறேன் என்று தோன்றியது என்று பிறகு சொன்னாய். யாரோ ஒரு புண்ணியவான் உன்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இ.சி.ஜி. எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் வந்து பார்த்தபோது நீ கட்டிலில் சாதாரணமாக உட்கார்ந்திருந்தாய். "வாயுவாத்தான் இருக்கும், நேத்து ராஜ்மா சாப்பிட்டேல்லா" என்றேன். இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது தடவை அங்கே பணியிலிருந்த சின்ன வயது டாக்டர், "அங்கிள், ஹார்ட் டீக் ஹை, நன்றாக இருக்கிறது. இவரை மனநல டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் பையனை இவன் என்ன சொல்கிறான் என்று அவர்மேல் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அடுத்த வாரம் நீயே போய் டாக்டரைப் பார்த்தாய், என்னைக் கேட்கவில்லை. நல்லவேளை.

அதற்குப் பெயர் பேனிக் டிஸ்ஆர்டர் என்று நீ வந்து சொன்னபோது, பெயரைக் கேட்டு நான் பயந்தேன், உனக்கோ முகம் தெளிந்திருந்தது. டாக்டர் தைராய்டு பார்த்தார், ரத்தம் பார்த்தார், வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அந்தப் பெயரைச் சொன்னார். திடீரென்று வரும் அந்தப் பயம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கிவிடும், ஆளைக் கொல்லாது. ஆனால் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் மனிதன் மெட்ரோவை விட்டு, லிப்டை விட்டு, கூட்டத்தை விட்டு ஒவ்வொன்றாக ஒதுங்கிக்கொண்டே போவான். அந்த ஒதுங்கல்தான் வியாதியின் பெரிய பாதி என்று அவர் சொன்னாராம். நீ குருகிராம் ஆபீஸுக்கு எட்டு மாதம் வாடகைக் காரில் போய்வந்ததை நான் சொகுசு என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறேன். அது உன் வியாதி என்று எனக்கு உறைக்கவில்லை. மாத்திரை தினமும் ஒன்று, வாரம் ஒருநாள் கவுன்சலிங். கவுன்சலர் உன்னை ஒரு ஸ்டேஷன் மட்டும் மெட்ரோவில் போகச் சொன்னார், பயம் வந்தால் இறங்கி ஓடாமல் அது தணியும்வரை அங்கேயே நிற்கச் சொன்னார். பிறகு இரண்டு ஸ்டேஷன். இப்போது நீ மெட்ரோவில்தான் வருகிறாய். நீ பட்ட பாடு லேசானது இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒருநாளாவது உன்னிடம் சபாஷ் என்று சொன்னேனா என்று யோசித்தேன். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா என்னைப் பாவம்னு எழுதிராதீங்க" என்றாள்.

உன் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை.

நீ அப்போது நாலாம் வகுப்பு. நாம் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மா மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் கிளார்க், அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரவேண்டிய நேரம். அந்தக் குளிர்காலத்தில் அவள் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானாள். விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே விழித்துக்கொள்வாள், எழுந்திருக்க மாட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. பால் பொங்கி அடுப்பை நனைத்துக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அலுவலகத்தில் ஒரு கடிதத்தை நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றாள். "பஸ்ஸைப் பாத்தாலே அழுகையா வருது, ஏன்னு தெரியல" என்றாள். நான் இரும்புச்சத்து டானிக் வாங்கிக் கொடுத்தேன். "நாலு எடத்துக்குப் போய்வா, மனசு தெளியும்" என்று கரோல் பாக்குக்குப் புடவை எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். புடவையை நான்தான் எடுத்தேன். அது எனக்குப் பிடித்த நிறம்.

கடைசியில் சர்க்கார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டர் கெட்டிக்காரர். இரண்டு வாரத்துக்கு மேலாக நாளெல்லாம் இப்படித்தான் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதி என்னிடம் தனியாகக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் மடித்துப் பையில் வைத்தேன். அங்கே போகவே இல்லை. அம்மாவிடம் "ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு" என்று மட்டும் சொன்னேன்.

ஏன் என்று நீ கேட்பாய். நான் வேலை பார்த்தது எங்கள் துறையின் நிர்வாகப் பிரிவில். யார் எத்தனை நாள் லீவு, எதற்காக, எந்த டாக்டர் எழுதியது என்று எல்லாத் தாள்களும் என் மேஜைக்குத்தான் வரும். ஒரு தடவை எங்கள் ஆபீஸ் ஸ்டெனோ ஒருவரின் சான்றிதழ் மனநலப் பிரிவிலிருந்து வந்தது. டீ குடிக்கும் நேரத்தில் அதை நான் வாய்விட்டுப் படித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் திரும்பி வந்தபிறகு யாரும் அவரிடம் அவசரக் கடிதம் எதையும் கொடுக்கவில்லை. "ஏன் சார், என்கிட்ட வேலையே வரலை?" என்று அவர் என்னிடமே வந்து கேட்டார். நான் மேலிடத்து உத்தரவு என்றேன். அப்படி ஒரு உத்தரவும் இல்லை. அதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது அவர் இல்லை. அதே மாதிரி ஒரு தாள் அம்மாவின் பெயரில் இன்னொரு மேஜைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. கெட்டவன் நானாக இருந்ததால் மற்ற எல்லாரையும் என்னைப் போலவே நினைத்தேன்.

தெரிந்த ஒரு பிரைவேட் டாக்டரிடம் போய், மஞ்சள் காமாலை, ஆறு வாரம் ஓய்வு என்று சான்றிதழ் எழுதி வாங்கினேன். கௌரவமான வியாதி. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அம்மாவிடம் கேட்கவில்லை. எழுதி வாங்கிவந்து கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டாள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் தும்மினால் பத்து வீட்டில் கேட்கும். எதிர்வீட்டு சோப்ரா ஆன்ட்டி தினமும் கரும்புச்சாறும் முள்ளங்கி இலைச் சாறும் கொண்டுவந்தார். நம் ஊரிலிருந்து என் தங்கை யாரோ வருகிறவரிடம் கீழாநெல்லியைக் கட்டிக் கொடுத்தனுப்பினாள். வீட்டில் எண்ணெய் கிடையாது, புளி கிடையாது, காரம் கிடையாது. போதாக்குறைக்கு ஆன்ட்டி எங்கிருந்தோ ஒரு வேர்மாலை வாங்கிவந்து அம்மா கழுத்தில் போட்டார். "பெஹன்ஜி, யே மாலா கமர் தக் ஆ ஜாயேகி தோ பீலியா கதம்." அந்த மாலை வாட வாட நூல் தளர்ந்து நீளும், இடுப்பு வரை வந்தால் காமாலை இறங்கிவிட்டது என்று அவர்களுக்கு நம்பிக்கை. மாலை நீண்டது. எல்லாருக்கும் சந்தோஷம். நீ தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பாய். ஏற்கெனவே சாப்பாடு இறங்காதவளுக்கு நாங்கள் ஆறு வாரம் உப்புச்சப்பில்லாத கஞ்சி கொடுத்தோம். அவள் அதையும் குடித்தாள். ஒருநாள் மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு மஞ்சக்காமாலை இல்லேன்னு உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?"

நான் சும்மா இருக்கச் சொன்னேன். ஆன்ட்டி அடுத்த அறையில் இருந்தார்.

வெயில் காலம் வந்ததும் அவள் கொஞ்சம் தேறினாள். அப்படிச் சில பேருக்குத் தானாகத் தணியும், ஆனால் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தது, முன்னைவிட மோசமாக. ஒருநாள் காலையில் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "நான் இல்லாம இருந்தா உங்க ரெண்டு பேருக்கும் சுளுவா இருக்கும்லா" என்றாள். தக்காளி வாங்கிவரச் சொல்கிற குரலில் சொன்னாள். அப்படி ஒரு வார்த்தையை யார் வாயிலிருந்து கேட்டாலும், எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாலும், அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். நாங்கள் அன்றைக்கே போனோம்.

மனநலப் பிரிவில் இருந்தது நடுத்தர வயது டாக்டரம்மா. முன்னால் ஏதாவது பெரிய வியாதி வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "ஜீ, ஜாண்டிஸ், இரண்டு வருடம் முன்னால்" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்புக்கூட இல்லாமல் வந்துவிட்டது. அத்தனை தடவை சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டிருந்தது. அவர் எழுதுவதை நிறுத்தினார். கல்லீரல் கெட்டவர்களுக்குச் சில மருந்துகளை யோசித்துத்தான் கொடுக்கவேண்டும், பரிசோதனை முடிவு வரட்டும், அதுவரை நான் கொடுக்க நினைத்ததைத் தள்ளிவைக்கிறேன் என்றார். அப்போது அம்மா தலையை நிமிர்த்தினாள். ஒரு மாதமாக ஒரு வாக்கியம் முழுசாகப் பேசாதவள், தெளிவான ஹிந்தியில் சொன்னாள்.

"முஜே பீலியா கபி ஹுவா ஹீ நஹீ." எனக்குக் காமாலை வந்ததே இல்லை என்று.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்கள் வெளியே உட்காருங்கள், பாய் சாப்" என்றார். நான் போய் உட்கார்ந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை அம்மா முழுதாகச் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவள் அழுதிருந்தாள், ஆனால் கைப்பையை அவளே பிடித்துக்கொண்டிருந்தாள்.

டிப்ரஷன் என்று எழுதினார்கள். நான் ரத்தத்தில் என்ன அளவு என்று கேட்டேன். அப்படி அளவு காட்டும் பரிசோதனை இதற்குக் கிடையாது, தூக்கம், பசி, கவனம், ஆசை, குற்ற உணர்ச்சி எல்லாவற்றையும் கேட்டு, எத்தனை நாளாக என்று பார்த்து, வேறு உடல் காரணம் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் முடிவு செய்கிறோம் என்றார் டாக்டரம்மா. கேட்பதற்கு நிஜமாகச் சொல்லும் ஆள் வேண்டும் என்று என்னைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார். முதல் வாரம் மாத்திரையால் அம்மாவுக்குக் குமட்டல்தான் வந்தது. ஐந்தாம் நாளே நான் "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று போய் நின்றேன். இது தலைவலி மாத்திரை இல்லை, சில வாரங்கள் பொறுக்கவேண்டும் என்று அனுப்பிவிட்டார். ஆறாவது வாரம் ஒருநாள் நான் சமைத்த பருப்பை வாயில் வைத்துவிட்டு, "இதென்ன இப்படி உப்பை அள்ளிப் போட்டிருக்கீங்க" என்று அம்மா சிடுசிடுத்தாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்கப்புறமும் நான் திருந்தவில்லை. அதுதான் சரியாகிவிட்டதே என்று மூன்றாம் மாதம் மாத்திரையை நானே நிறுத்தினேன். தலைசுற்றல், தூக்கமின்மை, பழையபடி அழுகை. தேறிய பிறகும் பல மாதம் தொடரவேண்டும், நிறுத்துவதானால் கொஞ்சம் கொஞ்சமாக, நான் சொல்லும்போது என்று டாக்டரம்மா என்னைக் கிழித்துவிட்டார். திரும்பத் திரும்ப வந்ததால் அம்மாவுக்கு இப்போதும் ஒரு சின்ன மாத்திரை உண்டு. நீ பி.பி. மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருப்பது அதுதான். அப்படிச் சொல்லிவைத்ததும் நான்தான்.

ஆக, நீ அந்த டப்பாவை எங்கிருந்து கற்றாய் என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை. நடைமுறை விஷயமாக மட்டும் சிலது சொல்கிறேன். டப்பாவுக்குள் போட்ட மாத்திரையில் தேதி இருக்காது, இன்றைக்குப் போட்டாயா இல்லையா என்று தெரியாது. கல்யாண வீட்டில் தலை சுற்றுகிறது என்று யாராவது அத்தை வைட்டமின் என்று நினைத்து ஒன்றை எடுத்து விழுங்கி வைப்பாள். சடங்கு, ரிசப்ஷன், பயணம் என்று அலைகிற வாரத்தில் நாலு நாள் விட்டுப்போனால் நீ மறுபடி ஆரம்பத்துக்குப் போகலாம். அந்த நேரம் பக்கத்தில் இருக்கிறவளுக்கு அது என்னவென்று தெரியாவிட்டால், நான் ராஜ்மா என்று சொன்ன மாதிரி அவளும் ஏதாவது சொல்வாள். அவளைக் குற்றம் சொல்லமுடியாது.

நிச்சயத்தன்று கரோல் பாக்கில் அவர்கள் வீட்டில் நீ மாடியில் சந்தியாவோடு பேசிக்கொண்டிருந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி என்னிடம் சாதாரணமாகக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க சார், பையனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? சுகர், ஆஸ்துமா மாதிரி ஏதாவது?" நான் "ஒண்ணும் கிடையாது சார், கல்லு மாதிரி இருக்கான்" என்றேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதன் அர்த்தம் தெரியும்.

நேற்று மத்தியானம் சந்தியா அம்மாவுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் சாப்பாடு பற்றிப் பேச்சு. "ஆன்ட்டி, உங்களுக்கு ஜாண்டிஸ் வந்ததுலேர்ந்து ஆயில் ஒத்துக்காதுன்னு கார்த்தி சொன்னார். கேட்டரிங்காரர்கிட்ட உங்களுக்குத் தனியா ஏதாவது சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். நல்ல பெண். அம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"எனக்கு எண்ணெய்லாம் ஒத்துக்கிடும்மா. மஞ்சக்காமாலை எனக்கு வந்ததே கெடையாது. எனக்கு வந்தது டிப்ரஷன். இப்பமும் மாத்திரை சாப்பிடுதேன்."

நான் பேப்பரைக் கீழே வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், சான்றிதழ் வரைக்கும். அழவில்லை, குரல் உயரவில்லை. கடைசியில் சந்தியா ஏதோ கேட்டாள். அம்மா, "அதை நான் சொல்லக்கூடாது. நீ அவன்கிட்டயே கேளு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

"என்ன கேட்டா?"

"கார்த்தி நல்லா இருக்காரா ஆன்ட்டின்னு கேட்டா."

எனக்குக் கோபம் வந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இப்படியா பண்ணுவது, நின்றுபோனால் என்ன செய்வது என்று கத்தினேன். அம்மா நிதானமாகச் சொன்னாள். "என் வியாதிக்கு நீங்க ஒரு பேரு வெச்சீங்க, அதோட இத்தனை வருஷம் இருந்தேன். என்னுதை நான் சொல்லிட்டேன். அவனுதை நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன்." அவள் பயப்படவில்லை, நான்தான் பயப்படுகிறேன். நின்றுபோகலாம், உண்மைதான். நான் அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

சனிக்கிழமை சந்தியா உன்னைப் பார்க்க வருகிறாள். வந்ததும் கேட்பாள். இந்தத் தடவை உனக்குப் பதிலாக யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை.

அப்பா